சிஸ்டம் நன்றாகத்தான் இருக்கிறது

கம்ப்யூட்டர் அறை வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லக்கூடிய கதைகளும் என்னிடம் உண்டு. வெள்ளத்தின்போது சர்வரைத் தலையில் சுமந்து மாடிக்கு ஏற்றிய கதையை நம் ஆட்கள் ஏற்கெனவே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அதில் தண்ணீர் ஓரடி ஏறிவிடும். அது கிடக்கட்டும். நான் சொல்லப்போவது வேறு. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு நடந்தது. அடையாறில் இதே ஆய்வு நிலையத்தில் கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பாக இருந்தேன். சாந்தோமில் எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு பள்ளியில் டீச்சர்கள். நான் ஒருத்திதான் டீச்சர் இல்லை, ஆனால் ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோரும் என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நிலையத்தில் ஆயுத பூஜை பெரிய விசேஷம். மைக்ராஸ்கோப் முதல் ஆட்டோகிளேவ் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு, பூ. வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். கம்ப்யூட்டர் அறையில் மானிட்டர்களுக்குச் சந்தனம் வைப்பார்கள். கீபோர்டுக்குள் குங்குமமும் பொரியும் கொட்டாமல் இருக்க நான் வருடா வருடம் தொண்டை வறளக் கத்துவேன். பூஜை முடிந்துவிட்டால் மறுநாள் விஜயதசமி வரை யாரும் எதையும் தொடக் கூடாது. அதனால் பூஜையன்று காலையிலேயே மாணவர்கள் வேலையை நிறுத்திவிட்டு எழுந்துவிடுவார்கள். அறை காலி, கம்ப்யூட்டர்கள் காலி. வருடத்தில் அப்படி ஒரு பொழுது எனக்குக் கிடைப்பது அன்று மட்டும்தான். அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். அவர்கள் வெளியே துடைத்துப் பொட்டு வைப்பார்கள். நான் பூஜைக்கு முன்னால் உட்கார்ந்து உள்ளே துடைப்பேன். தேவையில்லாததை நீக்குவது, வைரஸ் பார்ப்பது, அப்டேட் போடுவது. "மிஸ்ஸோட ஆயுத பூஜை" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள்.

அந்த வருடம் யாரோ ஜெராக்ஸ் கடையில் செருகிய பென் டிரைவை இங்கே கொண்டுவந்து செருகியதில் ஒரு வைரஸ் வந்திருந்தது. அது போகிற இடமெல்லாம் "காம்" என்ற வாலோடு குப்பைக் கோப்புகளை உண்டாக்கியது. கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் சில எழுத்துகளும் வருமே, அதைத்தான் வால் என்கிறேன். அந்த வாலுள்ள கோப்பைத் தெரியாமல் இருமுறை தட்டினால் வைரஸ் ஓட ஆரம்பித்துவிடும். நான் என்ன செய்தேன் தெரியுமா? எதையும் அழிக்கவில்லை, அந்த அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. மாணவர்களின் ஃபோல்டர்கள் எல்லாவற்றிலும் "காம்" என்று முடிகிற கோப்புகளை ஒரே கட்டளையில் "டெக்ஸ்ட்" வாலுக்கு மாற்றிவிட்டேன். பாம்புக்குப் பல் பிடுங்கியாயிற்று என்று திருப்தியாக வீட்டுக்குப் போனேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இனி செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரூர் குப்பத்துப் பெண். அம்மா கடற்கரையில் மீன் விற்கிறார். செல்வி எங்கள் நிலையத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஒரு மருந்து மூலக்கூறு ஒரு புரதத்தின் பள்ளத்துக்குள் எப்படிப் போய் உட்காருகிறது என்பது அவள் ஆய்வு. அதைத் திரையில் சுழற்றிக் காட்ட ஒரு மென்பொருள் உண்டு. எந்தப் புரதத்தைத் திறப்பது, எந்தப் பகுதிக்கு எந்த நிறம், எந்தப் பிணைப்பைக் கோடு போட்டுக் காட்டுவது என்று கட்டளைகளை வரிசையாக எழுதி ஒரு கோப்பில் வைத்துவிட்டால், மென்பொருள் அதைப் படித்து எல்லாவற்றையும் தானே செய்யும். அதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். செல்வியின் பல மாத உழைப்பு அந்த ஸ்கிரிப்டில் இருந்தது. இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்த மென்பொருளின் ஸ்கிரிப்டுக்கும் வால் "காம்"தான்.

விஜயதசமி முடிந்து முதல் வேலைநாள் காலையிலேயே செல்விக்கு ஆய்வுக் குழுவின் வருடாந்திர மதிப்பீடு. வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். குழு திருப்தி என்று எழுதினால் அவளுடைய உதவித்தொகை தொடரும். இல்லையென்றால் அடுத்த மதிப்பீடு வரை நிறுத்திவிடுவார்கள். அந்தப் பணத்தில்தான் அவர்கள் வீடு ஓடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

கூட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் செல்வி என் மேசைக்கு ஓடிவந்தாள்.

"மிஸ், போன வாரம் வரிக்கும் ஓடுச்சு மிஸ். இப்ப ஃபைலைத் தொறந்தா இன்னா டைப்புன்னு கேக்குது. எதைக் குட்த்தாலும் ஸ்கிரீன் கருப்பாவே கீது. ஒருதரம் வந்து பாருங்க மிஸ்."

பதற்றத்தில் அவளுக்குக் குப்பத்துப் பேச்சு வந்துவிடும். நான் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எதையாவது மாத்தி அமுக்கியிருப்பே. நிதானமா திரும்பத் திறந்து பாரு, போ. நான் அப்புறமா வரேன்."

அவள் போய்விட்டாள். நான் போகவில்லை.

கூட்டத்தில் நடந்ததைப் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வெளியூர்ப் பேராசிரியர் அவள் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பிணைப்பை அந்தப் பக்கத்திலிருந்து காட்டும்மா" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அவள் ஸ்கிரிப்டைத் திறந்திருக்கிறாள். மென்பொருள் கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது, வாலைப் பார்த்துத்தான் இது கட்டளையா, அணுக்களின் பட்டியலா என்று முடிவு செய்யும். "டெக்ஸ்ட்" வால் அதற்குத் தெரியாது. இது என்ன வகைக் கோப்பு என்று அவளையே கேட்டது, காட்டிய வகைகளில் கட்டளை என்பதே இல்லை. அவள் அணுக்களின் பட்டியல் என்பதைத் தேர்ந்தெடுத்தாள். மென்பொருள் உள்ளே அணுக்களைத் தேடிப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல், கருப்புத் திரையைக் காட்டியது. தவறு என்றுகூடச் சொல்லவில்லை. விண்டோஸ் வாலை மறைத்து வைத்திருந்ததால் கோப்பின் பெயர் அவள் வைத்தபடியே இருந்தது. எங்கே தவறு என்று அவளால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

அப்போதுதான் என் மேசை இன்டர்காம் அடித்தது. அவளுடைய வழிகாட்டி பேசினார்.

"மேடம், சிஸ்டத்துல ஏதாவது பிராப்ளமா?"

இந்த இடத்தில்தான் நான் எழுந்திருக்க வேண்டும். ஒரு மாடி ஏறினால் போதும். ஆனால் நான் சுத்தம் செய்ததையே சந்தேகிக்கிறாரே என்ற எரிச்சல்தான் எனக்கு முதலில் வந்தது.

"சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு சார். பூஜைக்கு நானே உட்கார்ந்து கிளீன் பண்ணியிருக்கேன். அந்தப் பொண்ணு எதையாவது மாத்தி அமுக்கியிருக்கும், காலையிலேயே வந்து முழிச்சிட்டு நின்னுச்சு."

அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். குழு முழுக்கக் கேட்டது, செல்வியும் கேட்டாள். படம் இருக்கிறது, அது எப்படி வந்தது என்று காட்ட முடியவில்லை, படத்தைக் கையால் ஒட்டிச் செய்திருக்கலாமோ என்று ஒருவர் கேட்டாராம். "திருப்தி இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது கார்த்திக் என் மேசைக்கு வந்தான். அதே வழிகாட்டியிடம் ஆய்வு செய்யும் இன்னொரு மாணவன். கபாலி கோயில் வடக்கு மாட வீதிப் பையன், நல்ல பிள்ளை, அவன் மேல் எந்தக் குறையும் இல்லை. ஒரு டப்பாவில் சுண்டல் கொண்டுவந்திருந்தான்.

"மிஸ், அம்மா உங்களுக்குக் குடுக்கச் சொன்னா. அப்புறம் மிஸ், என் ஸ்கிரிப்ட் ஒண்ணு போன வாரம் வரைக்கும் நன்னா ஓடிண்டிருந்தது. இப்போ என்ன டைப்புன்னு கேக்கறது. எதைக் குடுத்தாலும் ஸ்கிரீன் கருப்பா..."

அவன் பேசி முடிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். எழுந்து, அவன் கூடவே நடந்து, அவன் நாற்காலியில் உட்கார்ந்து, மறைந்திருந்த வாலைக் காட்டும்படி விண்டோஸில் மாற்றினேன். ஸ்கிரிப்டின் பெயருக்குப் பின்னால் "டெக்ஸ்ட்" என்று வந்து நின்றது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வாலைச் சரி செய்தேன். அவனுடைய புரதம் திரையில் வந்து சுழன்றது. "சூப்பர் மிஸ்!" என்றான். காலையில் அவள் சொன்னதும் இப்போது இவன் சொன்னதும் ஏறக்குறைய ஒரே வார்த்தைகள். ஒன்றுக்கு நான் நிமிரவில்லை, இன்னொன்றுக்கு முடிக்கும் முன்னே எழுந்து நடந்தேன். மென்பொருளாவது கோப்பின் வாலைப் பார்த்து ஏமாந்தது. நான் ஒரு பெண்ணின் பேச்சைக் கேட்டு, அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று முடிவு கட்டியிருந்தேன். இதை வேறு எப்படியும் மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வைரஸ் குப்பையை விட்டுவிட்டு ஸ்கிரிப்டுகளின் வாலை மட்டும் பழையபடி மாற்ற அதிக நேரம் ஆகாது. மாற்றினேன். மாற்றிவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு நினைப்பு வந்தது. இத்தோடு விட்டுவிடலாம். நாளைக்கு செல்வி திறந்து பார்ப்பாள், ஓடும், தன் கைதான் தவறு செய்தது என்று நினைத்துக்கொள்வாள். எனக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான், பெயரோடு போகலாம். அந்த நினைப்பு வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. உங்களுக்கும் வரும். வந்தால் அதோடு உட்கார்ந்து பேசாதீர்கள், எழுந்து நடங்கள்.

வழிகாட்டியின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சரி, இப்ப ஓடுதுல்ல? அடுத்த ரிவ்யூல காட்டிக்கட்டும்."

"அதுவரைக்கும் அவளுக்கு ஃபெலோஷிப் நிக்கும் சார்."

"கையெழுத்தெல்லாம் போட்டாச்சே மேடம். ரிட்டயர் ஆகப்போற நேரத்துல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?"

"வெளியூர்லேர்ந்து வந்த புரொஃபசர்கிட்ட நானே சொல்றேன் சார். எங்கே இருப்பார்?"

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, வெளியூர்ப் பேராசிரியர் சாயங்காலம் கபாலி கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே ஏர்போர்ட் போவதாகச் சொன்னார் என்றார். அங்கிருந்தே அவருக்குப் போன் போட்டும் கொடுத்தார். நான் விவரம் சொன்னேன். "கோயில்லேர்ந்து வந்து மாட வீதியில காபி சாப்பிடுவேன். அங்கே வந்து காட்டினா பார்க்கறேன்" என்றார்.

செல்வி கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். போனை எடுக்கவில்லை. லேப்டாப்பில் அவள் கோப்புகளை ஏற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்துக் குப்பத்துக்குப் போனேன். சந்துக்குள் ஆட்டோ போகாது. வழி கேட்டு நடந்தேன். வாசலில் அவள் அம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"மிஸ்ஸா? வாங்க மா. அது உள்ளதான் கீது, வந்ததுலேர்ந்து அழுதுகினு கீது. இன்னாவோ தப்பா அமுக்கிடுச்சாம். உங்களுக்கு எல்லாம் கெட்ட பேரு ஆயிடுச்சாம். சின்னப் பொண்ணு மா, தெரியாம பண்ட்டிருக்கும். நீங்க மனசுல வச்சிக்காதீங்க. பெரிய சார்கிட்ட நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என் தவறுக்காக. அந்த வாசலில் நின்றபோது எனக்கு வந்த வெட்கத்தை எழுதிக் காட்ட முடியாது. "அவ மேல ஒரு தப்பும் இல்லம்மா, தப்பு என்னுது" என்றேன். அவர் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். டீச்சர் மாதிரி இருக்கிற ஒருத்தி பெருந்தன்மையாகப் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

செல்வி முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ஆட்டோவில் எல்லாவற்றையும் சொன்னேன். வைரஸ், வால், நான் யாரிடமும் சொல்லாமல் மாற்றியது, எல்லாம். லேப்டாப்பை மடியில் திறந்து ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்தாள். அவள் புரதம் வந்தது, பள்ளம் வந்தது, அதற்குள் மஞ்சள் நிறத்தில் மருந்து வந்து உட்கார்ந்தது. மூடினாள். அடையாறு பாலத்தில் வண்டி நகராமல் நின்றது.

"மிஸ்."

"சொல்லும்மா."

"கார்த்திக் மதியம் மெசேஜ் போட்டிருந்தான். என் ஸ்கிரிப்டும் ஓடல, மிஸ்கிட்ட சொன்னேன், உடனே எந்திரிச்சு வந்து சரி பண்ணிட்டாங்க, நீயும் போய்ச் சொல்லுன்னு."

"ஆமா."

"உடனே வந்தீங்களா மிஸ்?"

குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். ஆமாம் என்றேன். ஆட்டோக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார்.

மாட வீதியில் அந்தக் காபி ஹோட்டலில், நெற்றியில் விபூதியோடு பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். டம்ளர்களை ஓரமாக நகர்த்தி லேப்டாப்பை வைத்தோம். செல்வி ஸ்கிரிப்டை ஓட்டினாள். அவர் காலையில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். அந்தப் பக்கம் திருப்பினாள். பிணைப்பு தெளிவாகத் தெரிந்தது. இன்னும் சில கேள்விகள் கேட்டார். அவள் தயங்காமல் பதில் சொன்னாள். பக்கத்து மேசைக்காரர் தோசையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். பேராசிரியர் அங்கிருந்தே வழிகாட்டிக்குப் போன் செய்து, திருத்தி எழுதும்படியும், தான் ஊருக்குப் போய்க் கையெழுத்திட்டு அனுப்புவதாகவும் சொன்னார். அப்படியே அனுப்பவும் செய்தார். உதவித்தொகை நிற்கவில்லை.

கிளம்பும்போது அவர் சும்மா கேட்டார், "ஸ்பீக்கர்ல சிஸ்டம் நல்லாத்தான் இருக்குன்னு ஒரு அம்மா அடிச்சுச் சொன்னாங்களே, யார் அது?"

"நான்தான் சார்" என்றேன்.

"மிஸ்ஸுக்கும் அப்போ தெரியாது சார்" என்றாள் செல்வி. அவள் எனக்காகப் பேசினாள். நான் அவளைப் பற்றி அன்று காலையில் பேசியதை நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாணவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, நான் செய்ததைச் சொன்னேன். வாலை எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் தெரியும்படி வைத்தேன். துடைப்பதற்கு முன்னால் அறிவிப்பு ஒட்டும் பழக்கம் அதிலிருந்து வந்ததுதான், நீங்களும் ஒட்டத்தான் போகிறீர்கள். இதெல்லாம் சுலபம். ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம்.

சரி செய்ய முடியாதது ஒன்று உண்டு. செல்வி அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் இருந்து பட்டம் வாங்கிக்கொண்டு போனாள். நான் ஓய்வு பெறும் வரை, பிறகு சந்தேகம் கேட்டுப் போன் செய்யும்போதும், என்னிடம் மரியாதையாகத்தான் பேசினாள். இப்போது வேறு ஊரில் பெரிய ஆய்வகத்தில் இருக்கிறாள், அவளுக்குக் கீழேயே மாணவர்கள் இருக்கிறார்கள். போன மாதம் கூப்பிட்டாள். அவர்களுடைய கம்ப்யூட்டரில் அதே மென்பொருளில் ஏதோ சிக்கல். யாரிடமாவது சொன்னால் உடனே வந்து பார்ப்பார்கள், அவள் அங்கே டாக்டர் செல்வி. ஆனாலும் என்ன சிக்கல் என்று சொல்வதற்கு முன்னால், எப்போதும் போலவே, அந்த ஒரு வாக்கியத்தைத்தான் முதலில் சொன்னாள்.

"மிஸ், நான் எதையும் மாத்தி அமுக்கல மிஸ்."

கார்த்திக் ஒரு நாளும் அப்படித் தொடங்கியதில்லை.